பட்டாவில் இருப்பது யார் பெயர்?

ஆனி பிறந்து குற்றாலத்தில் சாரல் கட்டிவிட்டால், தென்காசி, இலஞ்சி, மேலகரம் பகுதி வயல்களில் கார் சாகுபடி வேலைகள் மும்முரமாகிவிடும். நாற்றுக்கும் உரத்துக்கும் பணம் தேடும் காலம் அது. உதவித்தொகை, மானியம், பயிர்க் காப்பீடு என்று விவசாயிகள் அலுவலகங்களுக்கு நடையாய் நடப்பதும் அப்போதுதான். போனவர்களில் சிலர் வெறுங்கையோடு திரும்புகிறார்கள். நிலம் இல்லாததால் அல்ல. காட்டிய தாள், அலுவலகத்தில் கேட்ட கேள்விக்குப் பதில் சொல்லவில்லை என்பதே காரணம்.

"தாத்தா காலத்திலிருந்து உழுகிற வயல், ஊரே சாட்சி சொல்லும்" என்று விவசாயி சொல்வார். அது உண்மையாகவும் இருக்கும். கர்ணம் இருந்த காலத்தில் எந்த வயல் யாருடையது என்பது அவருக்கு மனப்பாடம். பரம்பரைக் கிராம அதிகாரிகளின் பதவிகள் 1980-ல் ஒழிக்கப்பட்டன. இன்றைய கிராம நிர்வாக அலுவலர் வெளியூர்க்காரராக இருக்கலாம். இரண்டொரு ஆண்டில் மாறுதலாகியும் போகலாம். பதிவேட்டில் உள்ள பெயரைத்தான் அவர் பார்க்க முடியும்.

ஒரு தாள், ஒரு சாட்சி

எந்தத் தாளும் எல்லாவற்றுக்கும் சாட்சியாகாது. ஒவ்வொன்றும் ஒரு விஷயத்தை மட்டுமே சொல்லும். இதைப் புரிந்துகொண்டால் பாதி அலைச்சல் மிச்சம்.

கிரயப் பத்திரம் நிலம் எப்படிக் கைமாறியது என்பதைச் சொல்லும். அது பதிவுத் துறையின் தாள். பட்டா, வரி விதிக்கும் வருவாய்த் துறையின் கணக்கில் நிலம் இன்று யார் பெயரில் இருக்கிறது என்பதைச் சொல்லும். இரண்டும் வெவ்வேறு துறைகள். பத்திரம் பதிந்ததோடு வேலை முடிந்தது என்று எண்ணிப் பட்டா மாற்றாமல் விட்டவர்கள் ஏராளம். வில்லங்கச் சான்றும் பதிவான நடவடிக்கைகளை மட்டுமே காட்டும்; அண்ணன் தம்பிகள் வாய்மொழியாகப் பிரித்துக்கொண்டது அதில் வராது.

அடங்கல் என்பது எந்தப் பசலியில், எந்தச் சர்வே எண்ணில், என்ன பயிர், எவ்வளவு பரப்பில் நின்றது என்பதற்குச் சாட்சி. ஜூலை முதல் ஜூன் வரை ஒரு பசலி. போன பசலியின் அடங்கல் இந்த ஆண்டுப் பயிருக்கு உதவாது.

ஆதார் அட்டை ஆளை அடையாளம் காட்டும். வயதுக்கு அது உறுதியான சாட்சி அல்ல என்று உச்ச நீதிமன்றம் 2024 அக்டோபரில் ஒரு விபத்து இழப்பீட்டு வழக்கில் சொன்னது. பள்ளி மாற்றுச் சான்றிதழில் கண்ட பிறந்த தேதியையே ஏற்றது. ஆகவே பள்ளிச் சான்றிதழ் வைத்திருப்பவர்கள் அதைப் பத்திரப்படுத்த வேண்டும்.

எதற்கு எந்தத் தாள்?

பிரதமரின் கிசான் சம்மான் நிதித் திட்டம் 2019 பிப்ரவரியில் தொடங்கப்பட்டது. ஆண்டுக்கு ரூ.6,000 மூன்று தவணைகளில் வங்கிக் கணக்குக்கு வருகிறது. 1-2-2019 அன்று நிலம் விண்ணப்பதாரர் பெயரில் பதிவாகியிருக்க வேண்டும் என்பது விதி. அதற்குப் பிறகு விலைக்கு வாங்கியவருக்கு இது கிடையாது. பட்டாதாரர் இறந்து வாரிசு முறையில் நிலம் வந்தவருக்கு விலக்கு உண்டு. ஆனால் பட்டா அவர் பெயருக்கு மாறியிருக்க வேண்டும். குத்தகைதாரர்களுக்கு இத்திட்டம் பொருந்தாது.

சொட்டு நீர்ப் பாசனத்துக்குத் தமிழ்நாட்டில் சிறு, குறு விவசாயிகளுக்கு 100 சதவீதமும் மற்றவர்களுக்கு 75 சதவீதமும் மானியம் தரப்படுகிறது. இதற்குச் சிட்டா, அடங்கல், நில வரைபடம், ஆதார் ஆகியவற்றுடன் வட்டாட்சியர் வழங்கும் சிறு, குறு விவசாயி சான்றும் தேவை. தாத்தா பெயரில் எட்டு ஏக்கர் பிரிக்கப்படாமல் கிடந்தால், அதில் இரண்டு ஏக்கரை மட்டும் உழும் பேரன் தன்னைச் சிறு விவசாயி என்று காகிதத்தில் காட்டுவது கடினம். வாஸ்தவத்தில் அவர் சிறு விவசாயியே.

பயிர்க் காப்பீட்டில் குத்தகைதாரரும் சேரலாம். அடங்கல் அல்லது விதைப்புச் சான்று, வங்கிப் புத்தகத்தின் முதல் பக்கம், ஆதார் ஆகியவை முக்கியம். சர்வே எண்ணையும் வருவாய்க் கிராமத்தின் பெயரையும் விண்ணப்பத்தில் ஒருமுறைக்கு இருமுறை பார்க்க வேண்டும். அறிவிக்கப்பட்ட பகுதியில் நடக்கும் அறுவடைச் சோதனையை வைத்தே மகசூல் இழப்பு கணக்கிடப்படுகிறது. கிராமத்தின் பெயர் தவறானால், தன் வயல் காய்ந்தும் இழப்பீடு வராமல் போகலாம்.

இறந்தவர் பெயரில் பட்டா இருந்தால்

பெரும்பாலோர் தடுக்கி விழும் இடம் இதுவே. முதலில் இறப்புச் சான்று வேண்டும். ஓராண்டு கடந்தும் பதியாத இறப்பாக இருந்தால் கோட்டாட்சியரின் உத்தரவு பெற்றுப் பதிய வேண்டும். அடுத்தது வாரிசுச் சான்று. தாத்தாவும் இறந்து தகப்பனாரும் இறந்திருந்தால் இருவருக்கும் தனித்தனியே வாரிசுச் சான்று தேவைப்படும்.

வாரிசுப் பட்டியலில் கட்டிக்கொடுத்த பெண் மக்களின் பெயரை விட்டுவிடுவது பெரும் தவறு. 2005-ல் திருத்தப்பட்ட இந்து வாரிசுரிமைச் சட்டப்படி குடும்பச் சொத்தில் மகளுக்கும் மகனுக்குச் சமமான பங்கு உண்டு. பெயரை மறைத்துப் பெற்ற சான்று பின்னால் வழக்கில் கொண்டுபோய் விடும். அக்கா, தங்கையர் பங்கை விட்டுக்கொடுக்க மனமுவந்தால் விடுதலைப் பத்திரம் பதிவு செய்துகொள்வதே முறை.

வாரிசுகள் அனைவர் பெயரிலும் கூட்டுப் பட்டா பெறலாம். தனிப் பட்டா வேண்டுமானால் பாகப்பிரிவினைப் பத்திரம் பதிந்து, உட்பிரிவு கோரி விண்ணப்பிக்க வேண்டும். நில அளவையர் வந்து அளந்த பிறகே புது எண் கிடைக்கும். இ-சேவை மையத்தில் மனுப் போட்டால் ஒப்புகைச் சீட்டு தருவார்கள். அதைத் தொலைக்கக் கூடாது. மனு நிராகரிக்கப்பட்டால் சோர்ந்துவிட வேண்டியதில்லை. 1983-ம் ஆண்டின் பட்டா பாஸ் புத்தகச் சட்டப்படி கோட்டாட்சியரிடம் மேல்முறையீடு செய்யலாம். அதன் பின் மாவட்ட வருவாய் அலுவலரிடம் மறு ஆய்வு கோரலாம்.

பெயரும் அளவும்

1979 முதல் 1987 வரை நடந்த நில உடைமை மேம்பாட்டுத் திட்டத்தின்போது பதிவேடுகள் புதிதாக எழுதப்பட்டன. அப்போது புகுந்த பெயர்ப் பிழைகள் சில இன்னும் தொடர்கின்றன. பட்டாவில் ஒரு பெயர், ஆதாரில் வேறு முதலெழுத்து, வங்கிப் புத்தகத்தில் மூன்றாவது விதம் என்று இருந்தால் கணினி அதை மூன்று ஆளாக எண்ணிவிடும். மூன்றையும் ஒன்றாக்கிக்கொள்வது முதல் வேலை.

பழைய பத்திரங்களில் நிலம் ஏக்கர், சென்ட் கணக்கில் இருக்கும். இந்தப் பக்கத்தில் கோட்டை, மரக்கால் விதைப்பாடு என்றும் இருக்கும். பட்டாவில் இருப்பது ஹெக்டேர், ஏர்ஸ். ஒரு ஏக்கர் என்பது சுமார் 40½ ஏர்ஸ். எண் சிறியதாகத் தெரிகிறதே என்று நிலம் குறைந்துவிட்டதாக மருள வேண்டாம். கணக்கிட்டுப் பார்த்தும் குறைந்தால் மனுக் கொடுக்கலாம்.

செங்கோட்டை வட்டாரம் 1956 நவம்பர் முதல் தேதிதான் சென்னை ராஜ்யத்தோடு சேர்ந்தது. அங்கே சில வீட்டுப் பெட்டிகளில் திருவாங்கூர் காலத்துப் பத்திரங்கள் இருக்கக்கூடும். அவை வழக்கென்று வந்தால் உதவும், எறிந்துவிடக் கூடாது. ஆனால் மானிய விண்ணப்பத்துக்கு இன்றைய பட்டாவே பேசும்.

ஏன் இத்தனை கெடுபிடி?

2020-ல் கிசான் திட்டத்தில் தமிழ்நாட்டில் தகுதியற்றவர்கள் ஐந்து லட்சத்துக்கும் மேற்பட்டோர் சேர்க்கப்பட்டது தெரியவந்தது. சுமார் ரூ.110 கோடி தவறான கைகளுக்குப் போனது. சி.பி.சி.ஐ.டி. விசாரணையும் நடந்தது. அதன் பிறகு சோதனைகள் இறுகின. 2025 முதல் விவசாயிகளுக்குத் தனி அடையாள எண்ணும் வழங்கப்படுகிறது. அதற்கும் ஆதாரும் நில ஆவணமும் ஒத்துப்போக வேண்டும். கள்ளர்களுக்குப் போட்ட வேலியில் நேர்மையான விவசாயியின் வேட்டியும் மாட்டிக்கொள்கிறது.

ஆகவே திட்டம் அறிவித்த பிறகு ஓடுவதைவிட, ஓய்ந்த நாளில் தாள்களைச் சரிசெய்து வைப்பதே புத்திசாலித்தனம். வட்டாட்சியர் அலுவலகங்களில் ஆண்டுதோறும் நடக்கும் ஜமாபந்தி அதற்கு ஏற்ற சமயம். கிராமக் கணக்குகள் மேசைமேல் இருக்கும்போது பெயர் மாற்றம் கேட்பது எளிது. தென்காசி 2019 நவம்பரில் தனி மாவட்டமானதால் மேல் அதிகாரிகளைப் பார்க்கத் திருநெல்வேலிக்குப் போகவேண்டிய தொல்லையும் இல்லை. மாதந்தோறும் விவசாயிகள் குறைதீர்க்கும் நாளும் உண்டு.

விதை நெல்லைப் பதர் நீக்கி, காயவைத்துப் பத்திரப்படுத்தாத விவசாயி இல்லை. பட்டாவுக்கும் அந்தக் கவனம் வேண்டும். இன்றிரவே பெட்டியைத் திறந்து, அதில் இருப்பது யார் பெயர் என்று பார்ப்பது நல்லது.