மாத்திரையை அச்சடிக்கும் மிஷின்



"அரை மாத்திரை கொடும்மா" என்கிறார் டாக்டர். நாம் அரிவாள்மனையில் வைத்து நறுக்குகிறோம். ஒரு பாதி பெரிசு, ஒரு பாதி சிறிசு, மிச்சம் பொடியாகப் போகிறது. வலிப்பு மருந்தில் இப்படி அளவு குறைந்தால், இல்லை பிள்ளை விழுங்க முடியாமல் துப்பிவிட்டால், மறுபடி வலிப்பு வந்துவிடலாம்.

இந்தக் கஷ்டத்துக்கு வெளிநாட்டில் ஒரு வழி கண்டிருக்கிறார்கள். திரீ டி பிரிண்டர் என்கிற மிஷினில் மாத்திரையையே அச்சடிக்கிறார்கள். அச்சு மிஷினில் மாத்திரையா என்று எங்களுக்கும் முதலில் நம்பிக்கை வரவில்லை.

இப்படிச் செய்த முதல் மாத்திரைக்கு அமெரிக்க அரசு 2015-இல் அனுமதி கொடுத்தது. பெயர் ஸ்பிரிட்டம். உள்ளே இருப்பது லெவிடிராசிட்டம் என்ற வலிப்பு மருந்து. மருந்து பழசுதான், செய்முறைதான் புதுசு.

சாதாரண மாத்திரைக்குப் பொடியை அச்சில் போட்டு இறுக்கி அழுத்துவார்கள். அதனால்தான் அது கெட்டி. புட்டுக்கு நாம் மாவில் தண்ணீர் தெளித்துப் பிசிறுவோமே, பிடித்தால் நிற்கும், தொட்டால் உதிரும். இதுவும் அந்த மாதிரிதான். மிஷின் மருந்துப் பொடியை மெல்லிசாகப் பரப்பி, மேலே சொட்டுச் சொட்டாகத் திரவம் விடும். சொட்டு விழுந்த இடம் மட்டும் ஒட்டிக்கொள்ளும். அதன்மேல் இன்னொரு அடுக்குப் பொடி, மறுபடி சொட்டு. இப்படியே அடுக்கடுக்காக மாத்திரை எழும்பும். அழுத்தாததால் உள்ளே பொடிப் பொடித் துவாரங்கள். வாயில் போட்டு ஒரு மடக்குத் தண்ணீர் குடித்தால் சில நொடியில் உதிர்ந்து கரைந்துவிடும். 1000 மில்லிகிராம் மருந்தைக்கூட ஒரே மாத்திரையில் வைக்க முடிகிறது.

ஆளுக்குத் தக்க அளவு வேண்டுமே? அதை ஸ்பெயின் நாட்டில் சாந்தியாகோ தே கொம்போஸ்தேலா ஊர் ஆஸ்பத்திரியில் செய்து பார்த்தார்கள். சில புரதச்சத்துகள் உடம்பில் சேராத ஒரு அபூர்வ நோய், பிறவியிலேயே வருவது. அந்த நோயுள்ள 4 பிள்ளைகளுக்கு, ரத்தத்தைப் பரிசோதித்து, அவரவர் அளவுக்கு மென்று தின்னும் மாத்திரையை ஆஸ்பத்திரியிலேயே அச்சடித்துக் கொடுத்தார்கள். வேறு வேறு கலர், வேறு வேறு ருசி! அதன் முடிவுகள் 2019-இல் வெளிவந்தன.

விலைதான் இடிக்கிறது. ஸ்பிரிட்டம் சாதாரண மாத்திரையைவிட மிக அதிகம்.

இன்றைக்கு நாம் செய்யக்கூடியது ஒன்று உண்டு. மாத்திரையை உடைக்கச் சொன்னால், "இது உடைக்கலாமா?" என்று மருந்து கொடுப்பவரிடம் கேளுங்கள். மெதுவாகக் கரையும்படி செய்த மாத்திரையை உடைத்தால், நாள் முழுக்க இறங்க வேண்டிய மருந்து ஒரேயடியாக இறங்கிவிடும். சிரப் கிடைக்குமா என்றும் கேளுங்கள். லெவிடிராசிட்டம் சிரப்பாகவும் வருகிறது.