உங்களுக்குத் தெரியுமா? முட்டையிலும் கோழி இரத்தத்திலும் ஒரே இரும்புப் புரதம்

நாமக்கல் பண்ணைகளிலிருந்து நாள்தோறும் லாரியேறும் முட்டைகளின் வெள்ளைக்கருவில், மொத்தப் புரதத்தில் சுமார் 12 விழுக்காடு ஓவோடிரான்ஸ்ஃபெரின். அதன் ஒரு மூலக்கூறு இரண்டு இரும்பு அயனிகளை இறுகப் பற்றும். வெள்ளைக்கருவில் இரும்பு உப்புக் கரைசலைச் சிறிது சேர்த்தால், இளஞ்சிவப்பு படர்வதைக் கண்ணாலேயே காணலாம். இரும்பு கிடைக்காத கிருமிகள் அதில் வளரத் திணறும். 1944இல் இதைக் காட்டிய ஆய்வாளர்கள் ஷேடும் கரோலைனும், 1946இல் மனித இரத்தத்திலும் இத்தகைய புரதம் இருப்பதைக் கண்டனர். அதுவே டிரான்ஸ்ஃபெரின்.

கோழியின் இரத்தத்தில் ஓடுவதும் அதே மரபணு தரும் புரதம்தான். ஒட்டியிருக்கும் சர்க்கரைச் சங்கிலி மட்டும் வேறு. நோய் தொற்றினால் இதன் அளவு ஏறும். பண்ணைக்கு இது மிகப் பயனுள்ள முன்னறிகுறி. அதை அளக்க உதவுபவை எதிர்ப்பொருள்கள். தூய்மையாக்கிய புரதத்தை முயலுக்கு ஊசியாகப் போட்டால், அதன் இரத்தத்தில் அந்தப் புரதத்தை மட்டுமே தேடிப் பற்றும் எதிர்ப்பொருள் உருவாகும். எலிசா என்னும் சோதனைக்கான தட்டின் சிறு குழிகளில், அதனுடன் இணைத்த நொதி நிறம் காட்டும்.

மனித டிரான்ஸ்ஃபெரினைக் கண்டறியும் எதிர்ப்பொருளைக் கோழியே ஆக்கித் தரும். அந்த மனிதப் புரதத்தை ஊசியாகப் பெற்ற கோழி, எதிர்ப்பொருளை மஞ்சள்கருவில் சேர்த்துவைப்பதால், இரத்தம் எடுக்காமல் முட்டையிலிருந்தே பிரித்தெடுக்கலாம்.