சொந்தத்துக்குள்ளேயே கல்யாணம்! இத்தாலித் தவளைகளுக்கு வந்த ஆபத்து

ஒரு குளம். குளத்தைச் சுற்றிச் சிறு தோப்பு. தோப்பைச் சுற்றி, கண்ணுக்கு எட்டிய தூரம் வரை மக்காச்சோள வயல்.

குளத்துத் தண்ணீருக்குள், ஒரு சுள்ளியில் தவளை முட்டை ஒட்டிக் கொண்டு இருக்கிறது. கைப்பிடி அளவு குவியல் தான். ஆனால், அதில் நூற்றுக்கணக்கான முட்டைகள்!

நாட்கள் போகின்றன. பல முட்டைகள் பொரிக்கவில்லை. தலைப்பிரட்டை வெளியே வருவதற்கு முன்பே, கரு உள்ளேயே செத்து விட்டது.

இதே மாவட்டத்தில் இன்னொரு குளத்தில் முட்டைகள் நன்றாகப் பொரித்து இருக்கின்றன. ஒரே இனத் தவளை. ஏன் இந்த வேறுபாடு?

இந்தக் கேள்விக்கு விடை தேடினார்கள் சில விஞ்ஞானிகள்.

"போ" என்று ஓர் ஆறு

இத்தாலியின் வடக்கே ஒரு பெரிய ஆறு ஓடுகிறது. அதன் பெயர் "போ"! பெயர் தான் போ. மக்கள் எல்லாம் அந்த ஆற்றங்கரைக்கு வந்து சேர்ந்தார்களே தவிர, யாரும் போகவில்லை.

அதன் நீளம் 652 கிலோமீட்டர். அது பாயும் சமவெளி தான் இத்தாலியின் களஞ்சியம். வெர்செல்லி, நோவாரா, பாவியா ஆகிய ஊர்ப் பக்கம் போனால் எங்கு பார்த்தாலும் நெல் வயல். ஆம், நெல் தான்! ஐரோப்பாவில் அதிகமாக நெல் விளைவிக்கும் நாடு இத்தாலி. 1866-ம் ஆண்டில் திறக்கப்பட்ட காவூர் கால்வாய், அந்த வயல்களுக்கு இன்றும் தண்ணீர் கொடுக்கிறது. மற்ற இடங்களில் மக்காச்சோளம், மாட்டுப் பண்ணை, நெட்டை நெட்டையாக நிற்கும் பாப்லர் மரம்.

ஒரு காலத்தில் இந்த நிலம் முழுவதும் காடு. ரோமானியர் காலம் தொட்டு, வெட்டி வெட்டி வயல் ஆக்கினார்கள். காடு இப்போது துண்டு துண்டாக நிற்கிறது.

அந்தத் துண்டுகளில் தான் நமது கதாநாயகன் வசிக்கிறான்.

தண்ணீருக்குள் பாட்டு

அவன் பெயர் லத்தாஸ்த் தவளை. 1879-ம் ஆண்டில் புலாஞ்சே என்ற விஞ்ஞானி இந்தத் தவளையைத் தனி இனம் என்று கண்டு சொன்னார். லத்தாஸ்த் என்ற பிரெஞ்சு விலங்கியல் நிபுணரின் பெயரை அதற்குச் சூட்டினார்.

நெல் வயலில் கத்தும் பச்சைத் தவளை வேறு, இது வேறு. (அந்தப் பக்கத்தில் சோற்றோடு சமைத்துத் தின்பது பச்சைத் தவளையை!) லத்தாஸ்த் தவளை காய்ந்த சருகு நிறத்தில் இருக்கும். மேல் உதட்டில், சுண்ணாம்பால் கோடு இழுத்தது போல் ஒரு வெள்ளைக் கீற்று. பின்னங்கால் நீளம். தாவினால் பிடிப்பது கடினம்.

தவளை தன் வாயால் கெடும் என்பார்கள். இந்தத் தவளையோ பெரும்பாலும் தண்ணீருக்குள் இருந்தபடியே பெண்ணை அழைக்கிறது. கரையில் நிற்பவர் காதில் விழுவது அரிது. குளிர் முழுவதும் விலகாத பிப்ரவரி, மார்ச் மாதங்களிலேயே முட்டை இட்டு விடுகிறது.

வட இத்தாலி, அதை ஒட்டிய சுவிட்சர்லாந்தின் தென் முனை, சுலோவேனியா, குரோவேஷியா. உலகத்தில் இந்தத் தவளை இருப்பது இங்கே மட்டும் தான்.

மூட்டையும் பிடியும்

சுமார் 20 ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்பு, ஆல்ப்ஸ் மலைகள் முழுவதும் பனிக்கட்டியில் மூழ்கிக் கிடந்தன. கடும் குளிருக்கு அஞ்சிய இந்தத் தவளைகள், கிழக்கு மூலையில் ஒதுங்கித் தப்பின. பனி உருகியதும் மெல்ல மெல்ல மேற்கே பரவின.

பல ரக நெல் கலந்த ஒரு மூட்டை இருக்கிறது. அதில் ஒரு படி அள்ளிப் பக்கத்து ஊரில் விதைக்கிறோம். அங்கே விளைந்ததில் ஒரு பிடி அள்ளி, அதற்கு அடுத்த ஊரில் விதைக்கிறோம். போகப் போக என்ன ஆகும்? நெல் இருக்கும். ரகம் குறைந்து விடும்.

தவளைக்கும் அப்படியே நடந்தது. மரபணு என்பது, தாயும் தந்தையும் பிள்ளைக்குக் கொடுக்கும் உடற்குறிப்பு. கிழக்குத் தவளைகளிடம் பல வகை மரபணு இருந்தது. மேற்கே போகப் போக வகை குறைந்தது.

இது இயற்கை செய்தது. பிறகு, மனிதன் செய்தது ஒன்று உண்டு.

வயலே மதில்

தவளையின் தோல் எப்போதும் ஈரமாக இருக்க வேண்டும். உழுது காய்ந்து கிடக்கும் வயலைத் தாண்டுவது அதற்குப் பாலைவனத்தைத் தாண்டுவது போல. வயலுக்கு அப்பால் தார் ரோடு. அதற்கு அப்பால் சிமெண்டுக் கரை போட்ட வாய்க்கால். விழுந்தால் ஏற முடியாது.

ஆகவே, ஒரு தோப்பில் பிறந்த தவளை அதே தோப்பில் தான் துணை தேட வேண்டும். அண்ணன், தங்கை, சித்தப்பா பிள்ளை, பெரியப்பா பிள்ளை: இவர்களுக்குள்ளேயே கல்யாணம்!

இதில் என்ன கெடுதல்? ஒவ்வொரு குறிப்பும் உடலில் இரண்டு பிரதி இருக்கும். தாய் கொடுத்தது ஒன்று. தந்தை கொடுத்தது ஒன்று. ஒன்றில் பிழை இருந்தாலும் பெரும்பாலும் மற்றது காப்பாற்றி விடும். தாயும் தந்தையும் நெருங்கிய இரத்த சம்பந்தம் உடையவர்களாக இருந்தால், இரண்டு பிரதியிலும் ஒரே பிழை வந்து சேரும். அப்போது காப்பாற்ற ஆள் இல்லை.

விஞ்ஞானிகள் ஃபிசெட்டோலா, கார்னர், டி பெர்னார்டி ஆகிய மூவரும் இதைச் சோதித்துப் பார்த்தார்கள். 10 இடங்களில் வாழும் 295 தவளைகளின் மரபணுவைப் பரிசோதித்தார்கள். 8 இடங்களில் 218 முட்டைக் குவியல்களை எடுத்து, எத்தனை பொரித்தது, எத்தனை பொரிக்கவில்லை என்று எண்ணினார்கள். 2007-ம் ஆண்டில் முடிவை வெளியிட்டார்கள்.

தனித்து விடப்பட்ட குளங்களில் தான் முட்டை அதிகமாகச் செத்தது!

முடிவில் இன்னொரு செய்தியும் இருந்தது. அது யாரும் எதிர்பாராதது. பனிக் காலத்துக்குப் பிறகு மேற்கே வந்ததால் மரபணு குறைந்ததே, அந்தப் பழைய குறைவு முட்டையைக் கொல்லவில்லை. அண்மையில், வயலும் ரோடும் அடைத்ததால் ஏற்பட்ட இழப்பு தான் கொன்றது. பழைய பிழைகளை, ஆயிரக்கணக்கான ஆண்டுகளில், இயற்கை சலித்து வெளியே எறிந்து இருக்கலாம் என்று அவர்கள் கருதுகிறார்கள். புதிய பிழைகளைச் சலிக்கக் காலம் போதவில்லை.

விருந்தாளி கொண்டு வரும் நோய்

பழைய குறைவு முட்டையைக் கொல்லவில்லை என்றதும் நிம்மதி அடைய முடியாது. அது வேறு இடத்தில் கை வைக்கிறது.

1930-ம் ஆண்டுகளில், மாந்துவா நகரப் பக்கத்தில் அமெரிக்கக் காளைத் தவளையைக் கொண்டு வந்து விட்டார்கள். தின்பதற்குத் தான்! அது பெருகிப் பரவியது. இந்தக் காளைத் தவளைகள், தாம் சாகாமல், மற்ற தவளைகளைக் கொல்லும் "ரானா வைரஸ்" என்ற நோய்க் கிருமியைச் சுமக்கக் கூடியவை.

பியர்மன், கார்னர் என்ற இரு விஞ்ஞானிகள், பல இடத்து லத்தாஸ்த் தலைப்பிரட்டைகளை இந்தக் கிருமி கலந்த தண்ணீரில் விட்டுப் பார்த்தார்கள். மரபணு வகை குறைந்த இடத்துக் குஞ்சுகள் அதிகமாகச் செத்தன. வகை அதிகமாக உள்ளவற்றில் அதிகம் பிழைத்தன. இது 2005-ம் ஆண்டில் வெளிவந்தது.

கொண்டு வந்து விட்டால் போதுமா?

அப்படியானால், வேறு இடத்துத் தவளையைக் கொண்டு வந்து குளத்தில் விட்டால் என்ன?

அங்கேயும் ஒரு சிக்கல். ஆல்ப்ஸ் அடிவாரத் தலைப்பிரட்டைகளையும் சமவெளித் தலைப்பிரட்டைகளையும் ஒரே மாதிரி தண்ணீரில் வளர்த்தார்கள். அடிவாரத்துக் குஞ்சுகள் வேகமாக வளர்ந்தன! மலை நீர் குளிர்ந்தது. குளிரில் வளர்ச்சி மந்தப்படும். அதை ஈடுகட்டும் வேகம் அவற்றின் பிறப்பிலேயே இருக்கிறது. கண்டபடி கலந்தால், இந்தத் தனித் திறமை கெட்டு விடக் கூடும். பெண் எடுப்பதிலும் ஊர் பார்த்து எடுக்க வேண்டி இருக்கிறது.

ஆகவே, தவளையைத் தூக்கிச் செல்வதை விட, தவளை தானே நடந்து வர வழி செய்வது நல்லது என்பது பலர் கருத்து. இரண்டு தோப்புக்கு நடுவே ஒரு சிறு குளம். வயல் ஓரத்தில் ஒரு வேலி மரம். சிமெண்டு போடாத மண் வாய்க்கால். செலவு அதிகம் இல்லை. விவசாயி ஒரு துண்டு நிலத்தை விட்டுக் கொடுக்க வேண்டும்; அது தான் கடினம்!

1992-ம் ஆண்டில் ஐரோப்பிய நாடுகள் கூடி இயற்றிய விதிப்படி, இந்தத் தவளைக்கும் அது வாழும் இடத்துக்கும் பாதுகாப்பு உண்டு. இயற்கைப் பூங்காக்கள் சிலவற்றில் புதுக் குளங்களும் வெட்டி இருக்கிறார்கள்.

ஒரு பெண் தவளை ஆண்டுக்கு ஒரு குவியல் தான் முட்டை இடும். எனவே, குவியலை எண்ணினால் தாய்களை எண்ணியது போல. பிப்ரவரி மாதம் பிறந்ததும் அந்தக் கரைகளில் ரப்பர் பூட்ஸ் போட்டவர்களைப் பார்க்கலாம். குனிந்து, சுள்ளி சுள்ளியாகப் பார்த்து, நோட்டில் குறித்துக் கொள்கிறார்கள்.