கணக்கில் எழுதாத கடன்

கண்டி மாநகரிலிருந்து கலஹா வழியாகத் தெல்தோட்டைக்குச் செல்லும் பாதை தேயிலைச் சரிவுகளினூடே வளைந்து வளைந்து ஏறுவது. அதற்கும் அப்பால் உள்ளது லூல்கந்துரத் தோட்டம். 1867ஆம் ஆண்டில் ஜேம்ஸ் டெய்லர் என்னும் ஸ்கொத்லாந்துக்காரர் அங்கே 19 ஏக்கர் நிலத்தில் தேயிலை பயிரிட்டார். இலங்கையில் தேயிலை ஒரு பெருந்தொழிலாக வளர்ந்தது அதிலிருந்துதான். 1892இல் மறைந்த அவருக்குக் கண்டி மஹியாவ மயானத்திற் கல்லறை உண்டு. அந்த 19 ஏக்கரிலும் காடு வெட்டிக் குழி தோண்டிக் கன்று நட்ட கைகள் யாருடையவை? அவர்கள் பெயரை உலகம் அறியாது.

உழைத்தவருக்கு உலகம் கடன்பட்டிருக்கிறதா? பட்டிருப்பின் அதை இன்று தீர்ப்பது எங்ஙனம்? இக்கேள்வி இப்பொழுது பல நாடுகளில் எழுந்திருக்கிறது. தெல்தோட்டை மலைகளில் வாழும் நமக்கும் அதிற் பங்குண்டு.

இழப்பீடு பெற்றவர் யார்?

பிரித்தானியப் பாராளுமன்றம் 1833இல் அடிமை ஒழிப்புச் சட்டத்தை நிறைவேற்றியது. அப்பொழுது இரண்டு கோடிப் பவுண் இழப்பீடு வழங்கப்பட்டது. வாசகர்கள் வியப்படையலாம், அப்பணம் முழுவதும் சென்றது அடிமைகளை உடைமையாக வைத்திருந்தவர்களுக்கே! சவுக்கடி பட்டவனுக்கு ஒரு காசும் இல்லை. அதற்காக அரசாங்கம் வாங்கிய கடனின் மிச்சம் 2015ஆம் ஆண்டிலேதான் தீர்க்கப்பட்டது. 'பழங்கதையை ஏன் கிளறுகிறீர்கள்?' என்று கேட்போருக்கு இவ்வொரு செய்தியே தக்க விடையாகும்.

கரிபியன் நாடுகள் 2013இல் இதற்கென ஓர் ஆணைக்குழுவை அமைத்தன. மறு ஆண்டில் பத்து அம்சத் திட்டமொன்றையும் வெளியிட்டன. முறையான மன்னிப்பு, சுகாதாரம், கல்வி, கடன் நீக்கம் என்பவை அதில் அடங்கும். 2024இல் சமோவா நாட்டிற் கூடிய பொதுநலவாயத் தலைவர்களின் மாநாட்டு அறிக்கையிலும் இக்கோரிக்கை இடம்பெற்றது.

அடிமையும் கூலியும்

1833ஆம் ஆண்டுச் சட்டம் இலங்கையை விலக்கி வைத்தது. இங்கு அடிமை முறை சட்டப்படி ஒழிந்தது 1844இல். அக்காலத்திலேதான் கண்டிச் சீமையிற் கோப்பித் தோட்டங்கள் பெருகின. தமிழகத்துக் கிராமங்களில் வறுமையால் வாடிய மக்கள் கடல் கடந்து மன்னாரில் இறங்கி, காட்டு வழியே மாத்தளைக்கு நடந்து வந்தனர். வாந்திபேதியாலும் பசியாலும் வழியிலேயே மடிந்தோர் பலர்.

இவர்கள் அடிமைகளா? அல்லர். அடிமையின் பிள்ளை பிறப்பிலேயே அடிமை. தோட்டத் தொழிலாளி சட்டத்தின் முன் சுதந்திரன். ஊர் திரும்பியவர்களும் உளர். இரண்டையும் ஒன்றென்று சொல்வது இருவருக்கும் நியாயமாகாது. ஆயினும், அந்தச் சுதந்திரத்தைக் கட்டி வைக்க ஒரு சிறு கடதாசி போதுமானதாயிருந்தது. 'துண்டு' என்று அதனை அழைத்தனர். தொழிலாளியின் கடன் அதில் எழுதப்பட்டிருக்கும். புதிய தோட்டத்துத் துரை அக்கடனைக் கட்டினாலன்றி அவன் பழைய தோட்டத்தை விட்டு அகல முடியாது. வழிச்செலவு, அரிசி, கம்பளி யாவும் கங்காணியின் கணக்கில் ஏறின. அடிமையை விற்றார்கள், கூலியின் கடனை விற்றார்கள். இம்முறை 1921இல் ஒழிக்கப்பட்டது.

அந்நியர் மாத்திரமா கடனாளி?

கடன் முழுவதையும் வெள்ளைத் துரைமார் தலையிற் சுமத்திவிட்டு நாம் கை கழுவுதல் ஆகாது. நாடு சுதந்திரம் பெற்ற 1948ஆம் ஆண்டிலேயே பிரஜாவுரிமைச் சட்டம் இம்மக்களுள் மிகப் பெரும்பாலோரை நாடற்றவராக்கியது. முந்திய ஆண்டுத் தேர்தலில் அவர்களிடையிருந்து எழுவர் பாராளுமன்றம் சென்றிருந்தனர். அவ்வெழுவருள் ஒருவர் எழுத்தாளர் ஸி. வி. வேலுப்பிள்ளை. அடுத்த ஆண்டில் வாக்குரிமையும் பறிபோயிற்று. 1964இல் சிறிமாவோ அம்மையாரும் சாஸ்திரியாரும் செய்த ஒப்பந்தம் 9 இலட்சத்து 75 ஆயிரம் பேரைப் பங்கிட்டது. 5 இலட்சத்து 25 ஆயிரம் பேர் இந்தியாவுக்கு. 3 இலட்சம் பேர் இலங்கைக்கு. எஞ்சிய ஒன்றரை இலட்சத்தை 1974இல் சரிபாதியாகப் பிரித்தனர். மாமன் அக்கரையில், மருமகன் இக்கரையில் என்று குடும்பங்கள் பிளவுண்டன. நாடற்ற நிலைக்கு முடிவு கட்டும் சட்டம் 2003இலேதான் வந்தது.

சிங்களக் குடியானவரின் வழக்கையும் நாம் மறத்தல் கூடாது. 1840ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கக் கட்டளைச் சட்டத்தின்படி, உறுதி காட்ட முடியாத காடும் சேனையும் முடிக்குரியவையாகக் கொள்ளப்பட்டுத் தோட்டக்காரருக்கு விற்கப்பட்டன. ஒருவன் நிலத்தை இழந்தான்; மற்றவன் அந்நிலத்தில் நிலமின்றி உழைத்தான். இருவரும் ஒரே கணக்கில் வஞ்சிக்கப்பட்டவர்கள். இருவரையும் ஒருவருக்கொருவர் பகையாக்கியதே அதன் கொடிய வட்டி எனலாம்.

எவ்வாறு தீர்ப்பது?

'செய்தவரும் இல்லை, பட்டவரும் இல்லை. யாருக்கு யார் கொடுப்பது?' என்பர் சிலர். மனிதர் மடிவர்; அரசாங்கங்கள் மடிவதில்லை. தந்தை பெயரிலுள்ள நிலத்தை ஏற்பவன் அதன் மேலுள்ள ஈட்டையும் ஏற்கிறான் அன்றோ? அன்றியும், பட்டவர் இல்லை என்பதும் பொய். 2021ஆம் ஆண்டின் இறுதியில் இங்கு வந்த ஐக்கிய நாடுகளின் அடிமைத்தனம் பற்றிய விசேட நிபுணர், மலையகத் தமிழரின் நிலையை எடுத்துரைத்துச் சென்றார். இருநூறாண்டு நினைவாக 2023இல் தலைமன்னாரிலிருந்து மாத்தளை வரை மக்கள் நடந்ததும் அந்த நிலையை நாட்டிற்கு உணர்த்தவே.

தலைக்கு இவ்வளவு என்று பணத்தைப் பங்கிடுவதை நாம் வேண்டவில்லை. அது ஓராண்டிற் கரைந்துவிடும். லயத்துக் காம்பிராவிற் பிறந்து அதிலேயே மடியும் குடும்பத்துக்குத் தன் பெயரில் உறுதியெழுதிய நிலமும் வீடும், பிள்ளைக்கு நகரத்துக்கு ஒப்பான பாடசாலை, கொழுந்து கொய்யும் தாய்க்கு வயிறாரக் கூலி ஆகியவையே நிலைத்த ஈடு. இலண்டன் தர வேண்டியதைக் கேட்போம். அதற்காகக் கொழும்பு தர வேண்டியதைத் தாமதிக்க விடோம்.

தொழிலாளியின் கடனைச் சல்லியும் விடாமல் துண்டில் எழுதி வைக்கத் தெரிந்தது உலகத்துக்கு. அவனுக்குத் தரவேண்டிய கடனை எழுத ஒரு நிலவுறுதி போதும்.