மாடியில் மல்லிகைச் செடி வாடிப் போகிறதா? விருதுநகர், சிவகாசி வெயிலுக்கு எந்தத் தொட்டி சரி.. எப்போது மாற்றலாம்?

காலையில் தண்ணீர் ஊற்றிவிட்டு வேலைக்குக் கிளம்புகிறீர்கள். மாலை வந்து பார்த்தால் மாடியில் இருக்கும் மல்லிகைச் செடி தலை தொங்கி நிற்கிறது. விருதுநகர், சிவகாசி, சாத்தூர் பக்கம் செடி வளர்க்கும் பல வீடுகளில் கோடைக்குக் கோடை இதே கதைதான்.

"வெயில் ஜாஸ்தி, என்ன பண்றது?" என்று விட்டுவிட வேண்டாம். பல நேரம் பிரச்சினை வெயிலில் இல்லை. தொட்டியில் இருக்கிறது.

மழை குறைவு, காற்றில் ஈரம் குறைவு. இந்த வறண்ட வானிலைதான் 1920-களில் தொடங்கிய தீப்பெட்டித் தொழிலுக்கும், பிறகு வந்த பட்டாசு, அச்சுத் தொழில்களுக்கும் சிவகாசியில் கைகொடுத்தது. அதே வறட்சிதான் மாடித் தொட்டியில் இருக்கும் ஈரத்தையும் உறிஞ்சிவிடுகிறது.

ஆனால் மல்லிகைக்கு இந்த மண் புதிதல்ல. 2013-ல் புவிசார் குறியீடு பெற்ற மதுரை மல்லி விளையும் மாவட்டங்களில் விருதுநகரும் ஒன்று. நிலத்தில் வேர் ஆழமாகப் போய் ஈரம் தேடிக்கொள்ளும். தொட்டியில் அந்த வழி கிடையாது. நாம் கொடுக்கும் இடம்தான் அதற்கு உலகம்.

எந்தத் தொட்டி வாங்கலாம்?

மண் தொட்டி: சுவர் வழியாக ஈரம் கசிந்து ஆவியாவதால் வேர் குளிர்ச்சியாக இருக்கும். பானைத் தண்ணீர் ஜில்லென்று இருப்பதும் இதனால்தான். ஆனால் சீக்கிரம் காய்ந்துவிடும். கோடையில் காலை, மாலை இரண்டு வேளையும் தண்ணீர் ஊற்ற ஆள் இருந்தால் இதுதான் முதல் சாய்ஸ். பக்கத்தில் மானாமதுரை இருக்கிறது. அந்த ஊர் மண்பாண்டங்களுக்கு 2023-ல் புவிசார் குறியீடு கிடைத்தது.

பிளாஸ்டிக் தொட்டி: ஈரம் அதிக நேரம் நிற்கும். பகல் முழுக்க வேலைக்குப் போகிறவர்களுக்கு வசதி. ஆனால் கறுப்பு நிறம் வேண்டாம், வெயிலில் சூடேறி ஓரத்து வேரை வேகவைத்துவிடும். வெள்ளை அல்லது வெளிர் நிறம் வாங்குங்கள்.

சிமென்ட் தொட்டி: காற்றுக்குச் சாயாது, நீடித்து உழைக்கும். கனம் அதிகம். புதுத் தொட்டியில் சுண்ணாம்புத் தன்மை இருக்கும் என்பதால் சில நாள் தண்ணீர் நிரப்பி, மாற்றி மாற்றி ஊற்றிய பிறகே செடி வைக்க வேண்டும். இல்லாவிட்டால் இலை மஞ்சளாகி நரம்பு மட்டும் பச்சையாகத் தெரியலாம்.

பழைய டிரம், சாக்கு பயன்படுத்தலாமா?

இந்தப் பகுதியில் இதை ரொம்பக் கவனமாகப் பார்க்க வேண்டும். பழைய சாமான் கடையில் மலிவாகக் கிடைக்கிறது என்று உள்ளே என்ன இருந்தது என்றே தெரியாத டிரம்மை வாங்காதீர்கள். பட்டாசுத் தொழிலில் பயன்படுத்தப்பட்டு வந்த பேரியம் உப்புகள் நச்சுத்தன்மை கொண்டவை. நைட்ரேட், கந்தகம், அலுமினியப் பவுடர் ஒட்டியிருக்கும் டிரம்மை மெஷின் வைத்து அறுத்தால் தீப்பொறி பட்டு விபத்தே நடக்கலாம். கறிவேப்பிலை, துளசி போல வாயில் போடும் செடிகளுக்கு இப்படிப்பட்ட டிரம் வேண்டவே வேண்டாம். உணவு எண்ணெய் டின், மாவு வாளி என்றால் நன்றாகக் கழுவி, அடியில் துளை போட்டுப் பயன்படுத்தலாம்.

தொட்டி மாற்றும் நேரம் வந்துவிட்டது என்று எப்படித் தெரியும்?

* ஊற்றிய தண்ணீர் நிற்காமல் உடனே அடியில் ஓடிவிடும்.
* காலையில் ஊற்றியது மதியத்துக்குள் காய்ந்துவிடும்.
* அடித்துளை வழியாக வேர் எட்டிப் பார்க்கும்.
* உரம் போட்டும் புதுத் துளிர் வராது, பூ சிறுத்துப் போகும்.

இதில் இரண்டு இருந்தாலே உள்ளே மண் குறைந்து வேர் மட்டும் சுற்றிக் கிடக்கிறது என்று அர்த்தம். மல்லிகைக்குப் பொதுவாக 2 ஆண்டுக்கு ஒருமுறை தொட்டி மாற்றுவது நல்லது.

எந்த மாதம் சரி?

கோடையில் செடி வாடுகிறது என்று ஏப்ரல், மே மாதத்தில் தொட்டி மாற்றினால் செடி பிழைப்பதே கஷ்டம். மல்லிகையை நவம்பர் கடைசியில் கவாத்து செய்வது வழக்கம். வெயிலும் அப்போது குறைவு. எனவே கார்த்திகை, மார்கழிதான் சரியான நேரம். அடைமழை நாளை மட்டும் தவிர்த்துவிடுங்கள்.

எப்படி மாற்றுவது?

1. முதல் நாள் நன்றாகத் தண்ணீர் விடுங்கள். கிளைகளைப் பாதியாக வெட்டிவிடுங்கள்.

2. புதுத் தொட்டி பழையதைவிட 2 முதல் 4 அங்குலம் அகலமாக இருந்தால் போதும். ஒரேயடியாகப் பெரிய தொட்டிக்குப் போனால், வேர் எட்டாத மண்ணில் ஈரம் தேங்கி வேர் அழுகும்.

3. செம்மண் 2 பங்கு, மணல் 1 பங்கு, மக்கிய தொழு உரம் அல்லது மண்புழு உரம் 1 பங்கு கலந்து, ஒரு கைப்பிடி வேப்பம்புண்ணாக்கு சேருங்கள். கரிசல் மண்ணை அப்படியே போட வேண்டாம். நனைந்தால் சேறாகும், காய்ந்தால் வெடிக்கும்.

4. துளை மேல் ஒரு ஓட்டுச்சில்லு வைத்தால் போதும். அடியில் ஜல்லி நிரப்பினால் தண்ணீர் நன்றாக வடியும் என்பது தவறான நம்பிக்கை. வேருக்கான இடம்தான் குறையும்.

5. சுற்றிக் கிடக்கும் வேரை விரலால் பிரித்து, கறுத்து அழுகியதை வெட்டுங்கள். செடி முன்பு எந்த ஆழத்தில் இருந்ததோ அதே ஆழத்தில் வைத்து, மேலே 1 அங்குலம் இடம் விட்டு மண் நிரப்புங்கள்.

6. அடியில் வடியும் வரை தண்ணீர் ஊற்றி, 7 முதல் 10 நாள் நிழலில் வையுங்கள். ஒரு மாதத்துக்கு வேறு உரம் வேண்டாம்.

பெரிய தொட்டி வைக்க இடமில்லையா? வெளிப்பக்க வேரையும் பழைய மண்ணையும் சுற்றிலும் ஒரு அங்குலம் சீவி எடுத்துவிட்டு, புது மண்ணோடு அதே தொட்டியிலேயே வைக்கலாம்.

கோடை வரும்போது..

தொட்டியைத் தளத்தில் நேராக வைக்காமல் 2 செங்கல் மேல் வையுங்கள். தொட்டிகளை நெருக்கி வைத்து, மண் மேல் தேங்காய் நார் பரப்புங்கள். காலை வெயில் நேராக விழட்டும், மேற்கு வெயிலுக்கு மட்டும் மறைப்பு கொடுங்கள்.

மார்கழியில் இந்த வேலையை முடித்துவிட்டால் பங்குனியில் பூ எடுக்கலாம். பண்டிகை நாட்களில் மல்லிகை விலை கிலோ ஆயிரங்களைத் தொடும்போது, தலைக்கு வைக்க ஒரு முழம் பூ வீட்டு மாடியிலேயே கிடைக்கும்.