உடலின் நேரம், ஆலையின் நேரம்

‘உயிரியல் பேச ஆரம்பிச்சா கடைசில அது சாதியில போய்த்தான் நிக்கும்’ என்று தோழர் ஒருவர் அடிக்கடி சொல்வார். இந்தச் சந்தேகத்தைத் தள்ளிவிட எனக்கு மனமில்லை. பிறவிக் குணம் என்ற பெயரில் மனிதர்களை அடுக்கி வைத்த சமூகம் இது. இங்கே நடத்தைக்கு உடலில் அடிப்படை உண்டு என்று யார் சொன்னாலும் காது விடைக்கத்தான் செய்யும். எட்வர்ட் வில்சனின் ‘சமூக உயிரியல்’ 1975இல் வந்தபோது அமெரிக்க இடதுசாரி விஞ்ஞானிகள் கொதித்தெழுந்ததும் இதே அச்சத்தால்தான். ஆனால் 1984இல் ‘நம் ஜீன்களில் இல்லை’ நூலை எழுதிய லெவாண்டின், ரோஸ், காமின் மூவரும் உயிரியலைக் கைவிட்டவர்கள் அல்லர். அதற்குள் நின்று சண்டை போட்டவர்கள். நம் சூழலிலோ உடல் என்பதே சொல்லாடல்களால் கட்டப்படுவது என்று ஃபூக்கோவைச் சாக்காக வைத்துப் பேசிவிட்டு, தூக்கம், பசி, களைப்பு ஆகியவற்றை டாக்டர்களிடமும் மேனேஜர்களிடமும் ஒப்படைத்துவிடுகிறார்கள். இதோடுதான் எனக்குத் தகராறு. உடல் கடிகாரத்தை முன்வைத்து அதைச் சொல்லிப் பார்க்கிறேன்.

1729இல் ழான் ழாக் தெ மெரான் என்ற பிரெஞ்சுக்காரர் தொட்டாற்சுருங்கி வகைச் செடி ஒன்றை இருட்டில் வைத்தார். சூரியனைப் பார்க்காமலேயே அது நேரத்துக்கு இலையை விரித்தது, நேரத்துக்கு மூடியது. நேரம் உள்ளேயும் இருக்கிறது என்பதற்கு முதல் தடயம் அது. 1971இல் கொனோப்காவும் பென்சரும் பழ ஈக்களில் ஒரு ஜீனைக் கண்டார்கள். அது பழுதுபட்டால் ஈயின் நாள் 19 மணி நேரமாகச் சுருங்குகிறது, 28ஆக நீள்கிறது, அல்லது நாளே இல்லாமல் போகிறது. அந்த ஜீன் உண்டாக்கும் புரதம் இரவில் சேர்ந்து, உட்கருவுக்குள் நுழைந்து, தன்னை உண்டாக்கிய ஜீனையே நிறுத்திவிடுகிறது. பிறகு புரதம் சிதைய, ஜீன் மறுபடி விழிக்கிறது. இந்தச் சுற்று முடிய ஏறக்குறைய ஒரு நாள். இதை விளக்கியதற்காக ஹால், ராஸ்பாஷ், யங் மூவருக்கும் 2017இல் நோபல் பரிசு கிடைத்தது. நமக்கு இதே மாதிரிச் சுற்று செல்லுக்குச் செல் ஓடுகிறது. இரண்டு கண்களின் நரம்புகளும் குறுக்கிடும் இடத்துக்குச் சற்று மேலே, மூளையில், சுமார் 20,000 நரம்புச் செல்கள் கொண்ட ஒரு சிறு திரள் இவற்றை ஒத்திசைத்து வைக்கிறது.

இந்த மூளைக் கடிகாரத்தை எஜமானன் என்று பாடப்புத்தகங்கள் வர்ணிப்பதுண்டு. எஜமானனாக இருந்தால் வெளியே கேட்டுக் கேட்டுத் திருத்திக்கொள்வானேன்? மனிதக் கடிகாரத்தின் சுற்று 24 மணிக்குச் சில நிமிடங்கள் கூடுதல். தினமும் விடியலைப் பார்த்து அது தன்னைச் சரி செய்துகொள்ள வேண்டியிருக்கிறது. விடியல் எது என்று சொல்வது யார் என்பதில் அரசியல் நுழைகிறது.

இதற்கு அழகான சான்று மதுரைப் பக்கத்தில் கிடைத்தது. மதுரை காமராசர் பல்கலைக்கழகத்தில் எம்.கே. சந்திரசேகரனும் மாரிமுத்துவும் மற்றவர்களும் குகை வௌவால்களை ஆராய்ந்து 1981இல் முடிவுகளை வெளியிட்டார்கள். வெளிச்சம் எட்டாத குகையின் உள்ளே ஒரு வௌவாலைக் கூண்டில் அடைத்தார்கள். சூரியனைக் காணாத அந்த வௌவால், கூட்டம் இரை தேடப் பறந்து போவதையும் திரும்புவதையும் வைத்தே தன் நேரத்தை வைத்துக்கொண்டது. கூட்டம் இல்லாத இடத்தில் தனியாக வைத்தபோது அதன் நேரம் தன் போக்கில் விலகி ஓடியது. வேறு குடும்பத்து வௌவாலை அதே குகைக்குள் வைத்தால் அதற்கு இந்தக் கூட்டத்தின் நேரம் ஒட்டவில்லை! கடிகாரம் உடலுக்குள், அதற்குச் சாவி கொடுப்பது உறவு.

வௌவாலிலிருந்து தொழிற்சங்கத்துக்குத் தாவுகிறேன் என்று சிரிக்க வேண்டாம். மனிதருக்கு முதல் சாவி வெளிச்சம்தான், கூட்டம் அல்ல. ஆனால் வெளிச்சம் இன்று சூரியன் கையில் மட்டும் இல்லையே, ஸ்விட்ச் போடுகிறவன் கையிலும் இருக்கிறது. உலையை அணைத்தால் நஷ்டம் என்று முதலாளிகள் சொன்ன சாட்சியத்தை மார்க்ஸ் ‘மூலதனம்’ முதல் தொகுதியில், இரவு வேலை பற்றிய பகுதியில் எடுத்து வைத்துக் கேலி செய்கிறார். உலைக்குப் பார்த்தவர்கள் ஈரலுக்குப் பார்க்கவில்லை. ஈரலின் கடிகாரத்தைச் சாப்பாட்டு நேரம் தள்ளும், மூளையினுடையதை வெளிச்சம் தள்ளும். நைட் ஷிப்டில் இரண்டும் வேறு வேறு ஊர் நேரம் காட்டுகின்றன. மூளைக் கடிகாரம் நாளுக்கு ஏறத்தாழ ஒரு மணி நேரம்தான் நகரும்; அது வந்து சேர்வதற்குள் அடுத்த வாரம் ஷிப்டு மாறிவிடுகிறது. புற்றுநோய் ஆய்வுக்கான சர்வதேச முகமை இரவு ஷிப்ட் வேலையை 2007இலும் மறுபடி 2019இலும் அநேகமாகப் புற்றுநோய் உண்டாக்கக்கூடியவற்றின் வரிசையில் வைத்தது.

‘அப்படியானால் பெண்களை ராத்திரி வேலைக்கு விடாதே என்பது சரிதானே?’ என்பார்கள். 1948ஆம் ஆண்டுத் தொழிற்சாலைச் சட்டம் அப்படித்தான் வைத்திருந்தது. 2000ஆம் ஆண்டு டிசம்பரில் சென்னை உயர்நீதிமன்றம் அந்தப் பிரிவைப் பாரபட்சம் என்று ரத்து செய்தது. சரியான தீர்ப்பு. ஆணுக்கும் பெண்ணுக்கும் இந்தக் கடிகாரப் பொறி ஒன்றுதான்; உயிரியலைக் காட்டிப் பெண்ணை மட்டும் வீட்டில் வைக்க முடியாது. ஆனால் நைட் முடித்து வந்தவள் அடுப்பைப் பற்றவைத்துப் பிள்ளையைப் பள்ளிக்கு அனுப்பிவிட்டு, ஆஸ்பெஸ்டாஸ் கூரைக்குக் கீழே பத்து மணி வெயிலில் படுக்கிறாள். அந்தத் தூக்கக் கணக்கு எந்தத் தீர்ப்பிலும் வராது.

12 மணி நேர வேலைக்கு வழி செய்த திருத்தம் 2023 ஏப்ரலில் தமிழகச் சட்டமன்றத்தில் நிறைவேறி, எதிர்ப்பின் பேரில் மே தினத்தன்று வாபஸ் என்று அறிவிக்கப்பட்டது. பெரிய வெற்றி. அப்போது நான் கேட்ட உரைகளில் எல்லாம் எத்தனை மணி நேரம் என்பதே பேச்சாக இருந்தது. எந்த மணி நேரம் என்று யாரும் கேட்கவில்லை. நைட் அலவன்ஸ் எவ்வளவு என்பதற்கு நம்மிடம் கோரிக்கை உண்டு. ஷிப்டு எந்த வரிசையில் சுற்றுவது? காலை, மதியம், இரவு என்று முன்னோக்கிச் சுற்றினால், 24ஐத் தாண்டி ஓட விரும்பும் உடலுக்குச் சற்றே தாங்கும். தலைகீழாகச் சுற்றினால் கூடுதல் வதை. ஷிப்ட் சார்ட்டில் இதை மாற்ற ஒரு பைசா ஆகாது. ஆனாலும் அந்தச் சார்ட்டை இன்னும் சூப்பர்வைசர்தான் போடுகிறார், நோட்டீஸ் போர்டில் ஒட்டிய பிறகுதான் நாம் பார்க்கிறோம்.