கடலும் மருத்துவமும் – 7: குழாயை உள்ளிருந்தே அடைப்பது

தொடையிலோ மணிக்கட்டிலோ ஊசித்துளை இட்டு, அதன் வழியே மெல்லிய கதீட்டரைத் தமனிக்குள் செலுத்தி, எக்ஸ்ரே திரையில் பார்த்தபடியே ரத்தம் கசியும் இடம்வரை கொண்டுபோய் அந்தக் குழாயை அடைத்துவிடும் முறைக்கு எம்போலைசேஷன் என்று பெயர். பிரசவத்துக்குப் பின் நிற்காத உதிரப்போக்கு, காசநோய் அரித்த நுரையீரலிலிருந்து இருமலோடு கொட்டும் ரத்தம், கருப்பை நார்க்கட்டி, கல்லீரல் புற்று, மூளைத் தமனி வீக்கம் ஆகியவற்றுக்கு இது கைகொடுக்கிறது.

எதைக் கொண்டு அடைப்பது என்பதில்தான் சூட்சுமம். இரைப்பை ரத்தக்கசிவை நிறுத்த, நோயாளியின் சொந்த ரத்தக்கட்டியையே செலுத்திய சிகிச்சை 1972-இல் மருத்துவ இதழில் வெளியானது. ஆனால் ரத்தக்கட்டி சீக்கிரம் கரைந்துவிடும். ஜெலட்டின் பஞ்சு சில வாரங்கள் தாங்கும். குழாய் பிறகு திறந்துகொள்ளும் என்பதால் பிரசவ உதிரப்போக்குக்கு அதுவே பெரும்பாலும் போதும். 1970-களின் நடுவில் வந்த பாலிவினைல் ஆல்கஹால் துகள்கள் கரையாதவை. இங்கே அளவு உயிர்ப்பிரச்சினை. நுரையீரலின் மூச்சுக்கிளைத் தமனியிலிருந்து தண்டுவடத்துக்கும் கிளை போகக்கூடும். மிகச் சிறிய துகள் அதில் நுழைந்தால் கால்கள் செயலிழக்கலாம். அதனால் அங்கே பொதுவாக 300 மைக்ரானுக்கு மேற்பட்ட துகள்களையே விரும்புகிறார்கள்.

பெரிய குழாய்க்கு உலோகச் சுருள். ஜியான்டுர்கோ 1975-இல் அதை அறிமுகப்படுத்தினார். மூளைத் தமனி வீக்கத்துக்குள் வைத்து, மின்னோட்டத்தால் கம்பியிலிருந்து கழற்றிவிடும் குக்லியெல்மியின் பிளாட்டினம் சுருள் 1991-இல் வந்தது. சுருளுக்கும் எல்லை உண்டு. மதகை மூடினாலும் பக்கத்து வாய்க்கால் வழியே வயலுக்குத் தண்ணீர் வந்துவிடுவதுபோல, குழாயின் தொடக்கத்தில் மட்டும் அடைத்தால் கிளைகள் வழியே ரத்தம் திரும்பி வரும்.

திரவ வகையில் முக்கியமானது சயனோஅக்ரிலேட் பசை. கடையில் விற்கும் உடனடிப் பசையின் குடும்பம். ரத்தம் பட்டதும் இறுகிவிடும் என்பதால் கதீட்டரை முதலில் டெக்ஸ்ட்ரோஸ் கரைசலால் கழுவுகிறார்கள். கசகசா எண்ணெயில் அயோடின் ஏற்றிய லிப்பியோடால் கலந்தால் இறுகுவது தாமதமாகும், எக்ஸ்ரேயிலும் தெரியும். கதீட்டரை எடுக்கத் தாமதித்தால் அதுவும் சேர்ந்து ஒட்டிக்கொள்ளும்.

இந்தியாவில், திருவனந்தபுரம் ஸ்ரீசித்ரா திருநாள் நிறுவனம் எம்போலைசேஷனுக்கான ஹைட்ரோஜெல் நுண்மணிகளை 1990 வாக்கிலேயே ஆராய்ந்தது. கடல் சார்ந்த மூலப்பொருளுக்கோ பரங்கிப்பேட்டையைத்தான் பார்க்கவேண்டும். வெள்ளாற்று முகத்துவாரத்தில் உள்ள அண்ணாமலைப் பல்கலைக்கழகக் கடல் உயிரியல் உயராய்வு மையம், கணவாய் ஓட்டிலிருந்தும் ஊசிக்கணவாயின் முள்ளிலிருந்தும் கைட்டோசான் பிரித்து ஆராய்ந்திருக்கிறது. அமிலத்தால் சுண்ணாம்பையும் காரத்தால் புரதத்தையும் நீக்கினால் கைட்டின்; அதை அடர்காரத்தில் சூடாக்கினால் கைட்டோசான். நேர்மின் தன்மையால் அது சிவப்பணுக்களை ஈர்த்து ஒன்றுசேர்க்கும். காயக்கட்டுகளில் அது ஏற்கெனவே பயன்படுகிறது. மன்னார் வளைகுடாவின் சார்காசம் பாசியில் கிடைக்கும் ஆல்ஜினேட், கால்சியம் பட்டால் கூழாக இறுகும்.

கைட்டோசான், ஆல்ஜினேட் இரண்டையும் ரத்தக்குழாய் அடைப்புக்காக உலகின் பல ஆய்வகங்கள் விலங்குகளில் சோதித்துள்ளன. இயற்கைப் பொருள் என்பதாலேயே அவை பாதுகாப்பானவை ஆகிவிடா. ஒரே சீரான அளவு, கிருமியற்ற தூய்மை, கதீட்டருக்குள் சிக்காமல் ஓடுதல், எக்ஸ்ரேயில் தெரிதல் ஆகிய அனைத்திலும் தேறவேண்டும். வழக்கமான சிகிச்சையில் இன்றும் ஜெலட்டின், துகள், சுருள், பசை ஆகியவையே முன்னிற்கின்றன.